பகல்யாவ் ஊறியும் உப்புக் கரித்தால்

பகல்யாவை, அதாவது உப்பிட்டு உலர்த்திய காட் மீனை, 12 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தும் உப்புக் கரிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். 12 மணி நேரம் போதாதுங்க. நீங்கள் சொல்கிற இரண்டு விரல் தடிமன் துண்டு 36 முதல் 48 மணி நேரம் ஊற வேண்டும். ஆறேழு மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பாத்திரம் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

அநேகமாகத் தோலை அடியில் வைத்திருப்பீர்கள். கரையும் உப்பு கீழே இறங்கும்போது தோல் மறித்துக்கொள்ளும். தோல் மேலே இருக்கும்படி திருப்பி வையுங்கள்.

அப்புறம், தடித்த இடத்தில் நகமளவு சதையைப் பிய்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு வாயில் வைத்துப் பாருங்கள். நாக்கில் சுள்ளென்று பட்டால் இன்னொரு தண்ணீர். லேசாக உப்புத் தெரிந்தால் சரி, அந்த ருசிக்காகத்தான் இவ்வளவு பாடும்.

பகல்யாவ் ஆ பிராஸுக்கு, அதாவது இந்த மீனோடு முட்டையும் மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலும் சேர்க்கும் போர்த்துகீசிய உணவுக்கு, உதிர்த்த மீன் வாங்கினால் இந்தக் கணக்கு பொருந்தாது. சில மணி நேரத்திலேயே சப்பென்று ஆகிவிடும். மேலே தூவும் ஆலிவ் காயிலும் உப்பு உண்டு, பார்த்துப் போடுங்கள்.