23-ஆம் சங்கீதம் வாயில் வரவில்லையா? 13-ஐ எடுங்கள்

கேள்வி: வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. காலையில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிப்பது பல வருடப் பழக்கம். இப்போது ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்று வாசித்தால் பொய் சொல்வது போலிருக்கிறது. கொஞ்ச நாள் நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் சகோதரரே, சங்கீதத்தை மாற்றுங்கள். காலண்டரிலும் புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் 23, 91, 121 என்றே சுற்றிச் சுற்றி வருவதால், மொத்தமுள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடு என்பதே நமக்கு மறந்துவிட்டது.

13-ஆம் சங்கீதத்தில் ஆரம்பியுங்கள். ஆறே வசனம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தொடங்கி, முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை ‘எதுவரைக்கும்’ வருகிறது. வாய்விட்டு வாசியுங்கள், ஒவ்வொரு ‘எதுவரைக்கும்’ முடிந்ததும் நிறுத்தி உங்களுடையதைச் சொல்லுங்கள்: எதுவரைக்கும் இன்டர்வியூ முடித்துவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பது, எதுவரைக்கும் சொந்தக்காரர்களிடம் ‘பார்த்துக்கிட்டிருக்கேன்’ என்றே சமாளிப்பது. ஜெபத்தில் இப்படிப் பேசலாமா என்று தயங்காதீர்கள், தாவீதின் பேரில் உள்ள சங்கீதமே இப்படித்தான் பேசுகிறது. 3, 4-ஆம் வசனங்கள் வேண்டுதல், அங்கே தேவையை நேராகக் கேளுங்கள். 5-ஆம் வசனத்தில் நம்பிக்கை வருகிறது. உங்களுக்கு வரவில்லையென்றால் நான்கோடு பைபிளை மூடிவிடுங்கள், நாளைக்கு மறுபடி முதல் வசனத்திலிருந்து. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே எழுதியவருக்கு எத்தனை மாதம் போனது என்று சங்கீதம் சொல்லவில்லையே, நீங்கள் மட்டும் ஏன் ஐந்தே நிமிடத்தில் கடக்க வேண்டும்?

அதுவும் முடியாத நாளுக்கு 88 இருக்கிறது. அது துதியில் முடிவதில்லை, இருளில் அப்படியே நின்றுவிடுகிறது. ஆனாலும் அதை ஜெபித்தவர், காலையில் என் விண்ணப்பம் உம் முன் வரும் என்கிறார், பதில் வராத காலையிலும். இயேசுவும் சிலுவையில் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் கூப்பிட்டார், ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று. இதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

23-ஐ ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். முதல் மூன்று வசனங்கள் தேவனை ‘அவர்’ என்று பேசுகின்றன, மரண இருளின் பள்ளத்தாக்கு வரும் 4-ஆம் வசனத்தில்தான் ‘நீர்’ என்று அவரிடமே திரும்புகிறது. நீங்கள் அந்த நான்கிலிருந்து தொடங்கலாம்.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன்: வேலையை விட்டு அனுப்பியவர் மேல் கோபம். 109-ஆம் சங்கீதத்தின் நடுப்பகுதி முழுக்கச் சாபம்தான். 1960-களில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, கத்தோலிக்கரின் அன்றாட ஜெபப் புத்தகமான திருப்புகழ்மாலையிலிருந்து இதே போன்ற சாபங்கள் உள்ள 58, 83-உம் இந்த 109-உம் விடப்பட்டன, சபையாகச் சேர்ந்து சொல்வதற்கு அது சரியாக இருக்கலாம். தனி ஜெபத்துக்கு அவை வேண்டும் என்பது என் கருத்து. அவற்றில் யாரும் தானே பழிவாங்கப் புறப்படுவதில்லை, வழக்கைத் தேவனிடம் ஒப்படைக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஜெபியுங்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் போட வேண்டாம்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். ஜெபம் மருத்துவத்துக்கு மாற்று அல்ல.