சுற்றுச்சூழல் சுகாதார விழிப்புணர்வுப் பணிக்குப் போகலாமா?

வேதியியல் பட்டம் முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். ஆனால் துண்டுப் பிரசுரம் கொடுப்பதுதான் வேலை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளோரைடு அங்கே பழைய சிக்கல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடினால் குழந்தைகளின் பல்லில் கறை படியும். அளவு மிக அதிகமாகிப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். தொல்லை என்னவென்றால், அந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். "காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடவே செய்யும். இதை ஒரு பாட்டியிடம், இத்தனை நாள் நீங்கள் செய்தது தப்பு என்ற தொனி வராமல் சொல்லத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் வேலையே அதுதான். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும், எந்தத் தண்ணீர் குடிக்க, எது புழங்க மட்டும் என்று விளக்க ஆள் வேண்டும்.

படிப்பா? பொதுச் சுகாதாரத்திலோ சமூகப்பணியிலோ முதுநிலை இருந்தால் நல்லது. நீர்ப் பரிசோதனை அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ள உங்கள் வேதியியல் கைகொடுக்கும். அப்புறம் சம்பளம். தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, திட்ட நிதி தீர்ந்தால் வேலையும் தீரும். சேருமுன் நிதி எத்தனை ஆண்டுக்கு என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.