இரு மொழி பேசும் பிள்ளைக்கு வாசிப்புத் துணையாக இருக்க விரும்புபவர் எதை அறிந்திருக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் இரு மொழி பேசும் ஒரு பிள்ளைக்கு வாசிப்பில் துணை நிற்க விரும்புவதாகவும், ஆசிரியப் பயிற்சி இல்லாததால் தயங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்தப் பயிற்சி இல்லை. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில், கிழமைக்கு இரண்டு பின்னேரம், எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தியுடன் இருந்து வாசித்து வருகிறேன். பிள்ளை முதலில் வாசிக்கப் பழகிய மொழியின் எழுத்தை நீங்களும் ஓரளவு அறிந்துகொள்ளுங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

அவள் நீர்கொழும்பில் சிங்கள மொழிமூலம் தரம் 2 வரை படித்துவிட்டு, தாயாரின் ஊரான இங்கே வந்து தமிழ் மொழிமூல வகுப்பில் சேர்ந்தவள். வீட்டில் நல்ல தமிழ் பேசுகிறவள், புத்தகத்தைத் திறந்தால் 'மகன்' என்பதை 'மக்கன்' என்றும் 'தம்பி'யைத் 'தம்ப்பி' என்றும் வாசிப்பாள். வகுப்பில் இதைக் கவனக்குறைவு என்றே எண்ணிவிட்டார்கள். உண்மையில் அவள் மிகுந்த கவனத்தோடுதான் வாசித்தாள். சிங்களத்தில் வன்மையான ஒலிக்கு ஓர் எழுத்தும் மென்மையான ஒலிக்கு வேறோர் எழுத்தும் உண்டு. தமிழிலோ ஒரே ககரம் சொல்லின் முதலில் ஒருவிதமாகவும், மெல்லினத்தை அடுத்து வேறுவிதமாகவும், இரண்டு உயிரொலிகளுக்கு இடையில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது.

ஒரு நாள் 'தங்கச்சி' என்ற சொல்லில் தடுமாறினாள். புத்தகத்தை மூடிவிட்டு, "உங்கட தங்கச்சியை வீட்டில எப்பிடிக் கூப்பிடுவீங்கள்?" என்று கேட்டேன். சரியாகச் சொன்னாள். திரும்பவும் அந்தப் பக்கத்தை விரித்து, ஙகர ஒற்றின் மேல் விரலை வைத்தேன். சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "அப்ப, பக்கத்தில நிக்கிற எழுத்தைப் பாத்துத்தான் சொல்ல வேணுமா, அன்ரி?" என்றாள். அந்த விதியை நான் அதுவரை அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவளுடைய சிங்களம் உதவிய இடங்களும் உண்டு. கனடாவிலிருந்து வந்து ஆங்கிலம் மட்டுமே வாசித்த பிள்ளைகள், 'கொ' என்ற எழுத்தில் ககரத்துக்கு முன்னே ஒரு குறி நிற்பதைக் கண்டு திகைப்பார்கள். இவளுக்கு அந்தத் திகைப்பே இல்லை. சிங்களத்திலும் அதே இடத்தில் அதே வகைக் குறி நிற்கிறது, பெயரும் 'கொம்புவ'தான்.

பேருந்துப் பலகைகளை விட்டுவிடாதீர்கள். மூன்று மொழியிலும் ஊர்ப் பெயர் இருப்பதால் அவை நல்ல பாடம். 'பேதுருதுடுவ' என்று சிங்களத்தில் வாசித்தவள், தமிழில் 'பருத்தித்துறை' என்று கண்டு, இது வேறு ஊரா என்று கேட்டாள். அன்று பெயர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பக்கம் எதுவும் முடியவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை.

ஒவ்வொரு பிழையிலும் குறுக்கிடாதீர்கள். வசனத்தை முடிக்க விடுங்கள், பொருள் கெட்டால் மட்டும் திருப்பிக் கேளுங்கள். தாயார் ஒருமுறை புலமைப்பரிசில் பரீட்சைக்கும் ஆயத்தப்படுத்தச் சொன்னார். அதற்கு வகுப்புகள் இருக்கின்றன, இந்த அரைமணி நேரத்தை வாசிப்புக்கே விட்டுவிடுங்கள் அக்கா என்று கேட்டுக்கொண்டேன், அவரும் இணங்கினார்.

தொடங்குவதற்கு உங்கள் ஊர் வாசிகசாலையின் நிர்வாகத்தினருடன் பேசுங்கள். பெற்றோரின் சம்மதத்துடன், பத்திரிகை வாசிக்கிறவர்கள் இருக்கும் பொது மண்டபத்திலேயே அமருங்கள். முதல் நாளில் பாடப் புத்தகத்தை எடுக்காமல், உங்கள் பிள்ளைக்குத் தெரிந்த மற்ற மொழியில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.