ஏப்ரலில் சால்ட் லேக் சிட்டிக்குக் குடிவருகிறோம், பனிக்கோட்டு தேவைப்படுமா?

எடுத்து வாருங்கள். பெட்டியின் அடியில் திணிக்காமல் மேலாக வையுங்கள்.

ஏப்ரல் நடுவில் குடும்பத்தோடு வருகிறோம், அதற்குள் வெயில் தொடங்கியிருக்குமே என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்கியிருக்கும்தான், சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. நான் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் வருட ஏப்ரலில் ஒரு மதியம், அரைக்கைச் சட்டையோடு வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஆப்ரிகாட் மரம் முழுக்கப் பூ. குளிர்காலம் முடிந்தது என்று அன்று காலையில்தான் கோட்டுகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்தேன். தெற்கிலிருந்து நல்ல காற்று. பக்கத்து வீட்டுப் பெரியவர் குப்பைத் தொட்டிகளை இழுத்துப் போய் கராஜுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நல்ல நாளில் எதற்கு?" என்று கேட்டேன். "நல்ல நாளாக இருப்பதால்தான்" என்றார். மறுநாள் காலை காரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பரணில் ஏறிக் கோட்டு மூட்டையை இறக்கியபோது என் மனைவி எதுவும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கியது மட்டும் தெரிந்தது.

நம் ஊரில் தெற்கிலிருந்து வீசினால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை. இங்கேயும் வாடை வாடைதான். ஆனால் தெற்குக் காற்றைத் தென்றல் என்று நம்பி ஜன்னலைத் திறந்து வைத்தீர்களானால் வீடு முழுக்கப் புழுதிதான். வசந்தத்தில் இங்கே தெற்குக் காற்று பலமாக அடிக்கிறது என்றால், வடமேற்கில் ஏதோ கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

இங்கே கோல்ட் ஃப்ரன்ட் என்று சொல்வது, பசிபிக் பக்கமிருந்து இறங்கி வரும் குளிர்காற்றின் முன்வரிசையை. அது நெருங்க நெருங்க, அதற்கு முன்னால் இருக்கும் காற்றழுத்தத் தாழ்வு தெற்கே உள்ள சூட்டுக் காற்றை இந்தப் பக்கம் இழுக்கும். பக்கத்து மாநிலமான நெவாடாவிலும், நம் ஊர் இருக்கும் யூட்டா மாநிலத்தின் தெற்கிலும் உள்ள பாலைவனங்களில் ஏப்ரல் வெயில் நன்றாகவே காயும். ஆக, வரிசைக்கு இந்தப் பக்கம் பாலைவனச் சூடு, அந்தப் பக்கம் மேகம் மூடிய குளிர். வித்தியாசம் கூடக் கூட வரிசையும் கூர்மையாகிறது. அதனால்தான் ஏப்ரல் ஃப்ரன்டுகளில் சில, ஜனவரியில் வருபவற்றைவிட முரடாக இருக்கின்றன. 2002 ஏப்ரல் 15 அன்று வந்தது ரொம்பப் பிரபலம். வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள் என்பதால் அதன் பெயரே டாக்ஸ் டே ஸ்டார்ம். யூட்டா பல்கலைக்கழகத்து வானிலை ஆய்வாளர்கள் அதை அக்குவேறு ஆணிவேறாக அலசி எழுதியிருக்கிறார்கள்.

கண்ணால் பார்க்க எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மதியம் மூன்று மணி போல வானம் மேகமே இல்லாமல் பழுப்பாகும். அது தூசி. மேற்கே தெரிந்த மலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பிறகு சட்டென்று ஐந்து நிமிடம் காற்றே இருக்காது. கடைவாசல் கொடி தொங்கும். அதே கொடி அடுத்து எதிர்த்திசையில் படபடவென்று அடிக்கத் தொடங்கினால் ஃப்ரன்ட் வந்துவிட்டது. முதலில் விழும் துளிகள் வானத்துத் தூசியைக் கழுவிக்கொண்டு வரும். கார்க் கண்ணாடியில் யாரோ சேற்றுக் கையை உதறியது போல வட்ட வட்டமாகக் கறை. வைப்பரைப் போட்டால் இழுவிவிடும், முதலில் தண்ணீர் அடியுங்கள். சில மணி நேரத்தில் 15 டிகிரி செல்சியஸ் இறங்குவதெல்லாம் இங்கே பெரிய செய்தி கிடையாது. சேற்றுத்துளி மழையாகி, மழை ஆலங்கட்டிக் குருணையாகி, விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பனியாகிவிடும்.

அப்புறம் ஏரி. கிரேட் சால்ட் லேக் சுமார் 120 கிலோமீட்டர் நீளம், ஆனால் ஆழம் சராசரியாக ஐந்து மீட்டர்கூடத் தேறாது. கடலைவிடப் பல மடங்கு உப்பு என்பதால் நடுக்குளிர்காலத்திலும் உறையாது. ஆழமில்லாததால் மார்ச், ஏப்ரல் வெயிலில் மளமளவென்று சூடேறும். அப்படிச் சூடேறிய தண்ணீரின் மேல், ஃப்ரன்டுக்குப் பின்னால் வரும் குளிர்காற்று ஏறும்போது, ஈரத்தையும் சூட்டையும் அள்ளிக்கொண்டு மேகமாக எழும்பும். ஏரி நீருக்கும், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றுக்கும் குறைந்தது 16 டிகிரி வித்தியாசம் இருக்கவேண்டும் என்பது வானிலைக்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. ஏரி வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் படுத்திருக்கிறது. வாடையும் அதே திசையில் வந்தால் முழு நீளத்துக்கும் தண்ணீரின் மேல் ஓடி வரும். தென்கிழக்கு முனையில் என்ன இருக்கிறது? நீங்கள் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கும் ஊர்.

இந்த லேக் எஃபெக்ட் பனி பரவலாக விழாது, ஒரு பட்டையாகத்தான் விழும். எங்கள் தெருவில் கணுக்காலுக்கு மேல் கிடக்கும்போது, இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் நண்பர் "இங்கே வெயில் அடிக்குதே" என்று படம் அனுப்புவார். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இங்கே எவரைக் கேட்டாலும் எல்லாப் பனிக்கும் ஏரிதான் காரணம் என்பார்கள். எனக்கு அது மிகை என்றுதான் தோன்றுகிறது. பெரும்பகுதி பசிபிக்கிலிருந்து வரும் ஈரமும், அதைத் தூக்கிப் பிழியும், ஊருக்குக் கிழக்கே நிற்கும் வாசாட்ச் மலைத்தொடரும் செய்கிற வேலை. ஏரி சில நாட்களில் மேலும் கொஞ்சம் சேர்த்துப் போடுகிறது, அவ்வளவே. 2022-23 பருவத்தில் ஆல்டா பனிச்சறுக்கு மையத்தில் 903 அங்குலம் விழுந்து சாதனையானது. அதற்குச் சற்று முன்பு, 2022 நவம்பரில்தான், ஏரி பதிவுகளிலேயே மிகக் குறைந்த மட்டத்துக்குச் சுருங்கியிருந்தது. ஏரி மட்டும்தான் காரணம் என்றால் இந்தக் கணக்கு உதைக்கும்.

சுருங்கிய ஏரியால் வேறு தொல்லை. வெளியே தெரியும் ஏரிப்படுகையிலிருந்து, ஃப்ரன்ட் கடந்தபின் வரும் வடமேற்குக் காற்றும் தூசியைக் கிளப்பும். அந்த மண்ணில் ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருள்கள் இருப்பதால், காற்று நாளில் ஆஸ்துமா உள்ள குழந்தையை வெளியே விடாதீர்கள். சில நாள் அழுகிய முட்டை வாடையும் ஊருக்குள் வரும். எங்கள் வீட்டில் சாக்கடை அடைத்துவிட்டது என்று ஒரு நாள் முழுக்கக் குழாய்களைக் குடைந்துகொண்டிருந்தேன். அது ஏரியைக் கலக்கிவிட்டு வந்த காற்று. இதற்கு லேக் ஸ்டிங்க் என்று பெயரே இருக்கிறது.

சரி, வீடு பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். கிழக்குப் பக்கம் மலையடிவாரத்து மேட்டை பெஞ்ச் என்பார்கள். பனியுகத்தில் இங்கிருந்த போனவில் என்ற மாபெரும் ஏரியின் பழைய கரைகள் அவை. ஏப்ரலில் கீழே பள்ளத்தாக்கில் மழையாகப் பெய்வது பெஞ்சில் பனியாக விழும். காட்சி அழகுதான், ஆனால் மண்வெட்டி பிடிக்கத் தெம்பு வேண்டும். வசந்தப் பனி மாவு மாதிரி இருக்காது, ஈரத் துணி மூட்டை மாதிரி கனக்கும். துளிர்விட்ட கிளைகளில் அது உட்கார்ந்தால் கிளை முறிந்து மின்கம்பியில் விழும். டார்ச் விளக்கைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மரத்தடியில் காரை நிறுத்தாதீர்கள். பார்க் சிட்டி பக்கம் வேலை என்றால், பார்லீஸ் கேன்யன் சாலையில் ஏறுவதற்குமுன் சாலை நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கீழே ஈரமாக மட்டும் இருக்கும் சாலை, மேலே கண்ணாடியாகிவிடும்.

பயப்படவும் வேண்டாம். ஏப்ரல் பனிக்கு ஆயுசு குறைவு. காலையில் வெட்டித் தள்ளியது மாலைக்குள் வாய்க்காலில் ஓடும். ஏப்ரல் முதல் வார இறுதியில் மார்மன் திருச்சபையின் பெரிய மாநாடு நடக்கும். அப்போது பனி பெய்யாவிட்டால்தான் அதிசயம் என்று இங்கே கேலி பேசுவார்கள். அந்தச் சபையின் கோயில் வளாகமான டெம்பிள் ஸ்கொயரில் சிவப்புத் துலிப் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி பனி உட்கார்ந்திருக்கும். வந்த புதிதில் படம் எடுத்துத் தள்ளினேன், இப்போது எடுப்பதில்லை.

தக்காளி, மிளகாய் நாற்றுகளை மே மாதம் அன்னையர் தினம் வரை மண்ணில் நடாதீர்கள். கறிவேப்பிலைத் தொட்டி கொண்டுவருவதாக இருந்தால் அது ஜூன் வரை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பெரியவர்களுக்குக் கோட்டு கொண்டு வாருங்கள். குழந்தைகளுக்கான பூட்ஸை மட்டும் இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். ஏப்ரலில் கடைக்காரர்கள் குளிர்காலச் சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.