போர்வை வேண்டாம், கூரை போடுங்கள்

வணக்கம் ஐயா,

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். போன ஆண்டு மான்செஸ்டரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, இருவரும் சேர்ந்து ஒரு கல்தொட்டியில் மலைச்செடிகள் வைத்தோம். குளிர்காலம் முடிந்தபோது அவற்றில் செம்பர்விவம் என்ற செடி மட்டும் மிஞ்சியது. லெவிசியா என்ற செடிகள் இரண்டும் அழுகிவிட்டன. மலைக்குளிரில் வாழ்கிற செடி, அவ்வளவு குளிரில்லாத ஊரில் எப்படிச் செத்தது? இந்த முறை தொட்டியை பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிடலாம் என்கிறாள் மகள். சரிதானா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

சுற்ற வேண்டாம். மகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். லெவிசியாவைக் கொன்றது ஈரம்.

உயர்ந்த மலையில் குளிர்காலம் செடிக்கு உலர்ந்த காலம். மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும், ஆழமான பனிக்கு அடியில் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். தண்ணீரெல்லாம் உறைந்திருப்பதால் செடி நனையாமல் உறங்கும். பனி உருகும்போதும் சரளைக்கற்கள் வழியே தண்ணீர் இறங்கிவிடும். மான்செஸ்டரில் அப்படி நிலைத்து நிற்கும் பனி கிடையாது. ஓயாத தூறல்; இரவில் உறைந்து பகலில் இளகும் மண். லெவிசியாவின் தடித்த இலைகள் தாமரைப்பூப்போல வட்டமாக அடுக்கியிருக்கும். அந்த நடுக்குழியில் தண்ணீர் நின்றால் குருத்து அழுகும்.

தண்டையார்பேட்டையில் என் மொட்டைமாடியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்ததும் மாடிக்குப் போனேன். என் பெரிய அடீனியத்தில் இலைகள் பச்சையாகவே இருந்தன. அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். கனிந்த சப்போட்டாவைப் போல விரல் உள்ளே போனது. ஒன்பது வருடம் வளர்த்த செடி. வறண்ட நிலத்துச் செடியானாலும் மலைச்செடியானாலும் கழுத்தில், அதாவது தண்டும் வேரும் சேரும் இடத்தில், ஈரம் தங்கினால் கதை முடிந்தது.

எனவே கூரைதான் வேண்டும். அக்டோபர் கடைசியில் தொட்டிக்கு மேல் ஒரு கண்ணாடியையோ பாலிகார்பனேட் தகட்டையோ செங்கல் மீது சற்றுச் சாய்வாக வைத்து, காற்றில் பறக்காதபடி கட்டிவிடட்டும். நான்கு பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள் சுற்றினால் உள்ளே வியர்த்து, நாம் விரட்ட நினைக்கும் ஈரம் அங்கேயே தங்கிவிடும். மார்ச்சில் கூரையை எடுத்துவிடலாம்.

செடியின் கழுத்தைச் சுற்றி, இலைகளுக்கு அடியிலும், இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பொடி ஜல்லி பரப்பச் சொல்லுங்கள். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடித்துளை அடைபடாது. உதிர்ந்த இலைகளை அவ்வப்போது பொறுக்க வேண்டும். உறைபனி வேரை மேலே தள்ளியிருந்தால் விரலால் மெதுவாக அழுத்திவிட்டால் போதும்.

புதிய லெவிசியா வாங்கினால், இரண்டு கற்களுக்கு நடுவே பக்கவாட்டில் சாய்த்து நடட்டும். பாறை இடுக்கில் அது அப்படித்தான் வளர்கிறது. குழியில் விழும் தண்ணீர் தானே வழிந்துவிடும். தகடு மட்டும் தொட்டியைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும். சாரல் பக்கவாட்டில்தான் அடிக்கும்.