மைனஸ் 30 டிகிரி குளிரும் மரத்துப்போன கால்களும்

கேள்வி: எனக்கு வயது 61. பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவு. இரவு 10 மணிக்கு ஒருவேளை இன்சுலின் போடுகிறேன். ரத்தக் கொதிப்புக்கு அட்டினலால் மாத்திரை. உள்ளங்கால் சில நேரம் மரத்துப்போகும். கணவருக்கு 66 வயது, ஆஸ்துமா இருக்கிறது. மருமகளின் பிரசவத்துக்காக ஜனவரி முதல் வாரம் கனடாவின் வின்னிபெக் நகருக்குப் போய் இரண்டு மாதம் தங்கப்போகிறோம். குளிர் மைனஸ் 30 வரை இறங்குமாம். "தாங்க முடியலைன்னா உள்ளே வந்துடுங்கம்மா, அவ்வளவுதான்" என்கிறான் மகன். அது போதுமா, டாக்டர்?
- வாசகி, அங் மோ கியோ, சிங்கப்பூர்

பதில்: உங்கள் மகனுக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. "தாங்க முடியவில்லை" என்று சொல்வது நரம்புகளின் வேலை. உள்ளங்கால் மரத்துப்போகிறது என்றால் அந்த நரம்புகள் ஏற்கெனவே பழுதாகியிருக்கலாம். மற்றவர்களுக்குச் சுரீரென்று வலிக்கும் கட்டத்தில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். ஆகவே அங்கே இருக்கும் வரை உணர்வை நம்பாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், காலைப் பாருங்கள்.

முதலில் கடிகாரம். சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 19.4 டிகிரிதான், அதுவும் 1934ல். எனவே மைனஸ் எண்களை வைத்து நமக்கு எதையும் ஊகிக்க முடியாது. கனடிய வானிலை அறிவிப்பில் வெப்பநிலையோடு 'விண்ட் சில்' என்று இன்னோர் எண்ணும் வரும். காற்று வீசும்போது தோலுக்கு எவ்வளவு குளிராகப் படும் என்பதைச் சொல்லும் எண் அது. மைனஸ் 30 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அந்த எண் ஏறக்குறைய மைனஸ் 43. மைனஸ் 28 முதல் 39 வரை என்றால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம் போதும். வெளியே கிளம்புமுன் இந்த எண்ணைப் பாருங்கள். மைனஸ் 28க்குக் கீழே என்றால் வீட்டு வாசலிலிருந்து காருக்கு, காரிலிருந்து கடைக்கு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மைனஸ் 40 என்றால் அவசியமில்லாமல் வெளியே போகவே வேண்டாம்.

உடையில் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு பருத்தி. பருத்திப் பனியனும் காலுறையும் வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஈரத்துணி உடல் சூட்டை வேகமாக இழுத்துவிடும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல் உடை, அதன்மேல் ஃபிளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, வெளியே காற்றுப் புகாத நீண்ட கோட்டு என்று மூன்று அடுக்கு வேண்டும். சேலைதான் கட்டுவேன் என்றால் உள்ளே தெர்மல் கால்சட்டை கட்டாயம். கைக்கு, விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் 'மிட்டன்' கதகதப்பானது.

காலணியை இங்கே வாங்காதீர்கள். அங்கே போய், கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு அளவு பாருங்கள். உள்ளே விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி காலுறையைத் திணித்தால் காலணி இறுகி ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிட்டுப்போகும். மெட்டியைக் கிளம்புமுன் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்ற மனம் வராது என்பது தெரியும். ஆனால் விரல் சற்று வீங்கினாலும் மெட்டி இறுகும். இறுகிய விரல்தான் முதலில் பாதிக்கப்படும். தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றாவிட்டால் தொப்பியும் கழுத்துத்துணியும் அவற்றை முழுக்க மூட வேண்டும்.

இனி கால். காலையிலும் இரவிலும், வெளியே போய்வந்த ஒவ்வொரு முறையும், காலுறையைக் கழற்றி விரல் நுனி, விரல் இடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பனிக்கடி, அதாவது குளிரில் தோல் உறைந்துபோவது, என்றால் தோல் சிவக்கும் என்று படித்திருப்பீர்கள். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. ஓர் இடம் மட்டும் சாம்பல் பூத்து, மெழுகு பூசியதுபோல் வெளிறி, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படி இருந்தால் தேய்க்கக் கூடாது. தைலம், ஹீட்டர், சுடுநீர்ப் பை எதுவும் கூடாது. மரத்த கால் வெந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில், தோல் இளகி நிறம் திரும்பும் வரை, சுமார் அரை மணி நேரம் காலை வைத்திருங்கள். நீர் ஆற ஆற வெந்நீர் சேர்க்க வேண்டும்; சேர்க்கும்போது காலை வெளியே எடுத்துவிடுங்கள். சூட்டை உங்கள் காலால் சோதிக்காதீர்கள். பிறக்கப்போகும் குழந்தையைக் குளிப்பாட்ட வெப்பமானி வாங்கியிருந்தால் அதையே பயன்படுத்தலாம். பிறகு மெல்லத் துடைத்து, விரல்களுக்கிடையே பஞ்சுத்துணி வைத்து, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நீரிழிவு இருப்பவர் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது.

வீட்டுக்குள்ளும் ஓர் ஆபத்து உண்டு. அங்கே பல வீடுகளில் தரையிலுள்ள துவாரம் வழியாகச் சூடான காற்று வரும். அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். மின்கம்பளியைப் படுக்குமுன் அணைத்துவிடுங்கள். கால்வலிக்கு வெந்நீரில் கால் ஊறவைக்கும் பழக்கம் இருந்தால் இந்த இரண்டு மாதம் விட்டுவிடுங்கள்.

இன்சுலின் நேரத்தைப் பற்றிக் குழம்ப வேண்டாம். சிங்கப்பூரில் இரவு 10 மணி என்பது குளிர்காலத்தில் வின்னிபெக்கில் அதே நாள் காலை 8 மணி. நீங்கள் போடுவது ஒரு நாள் முழுவதும் வேலை செய்யும் வகை என்றால், அங்கே காலை 8 மணிக்கே போட்டு வரலாம். உங்கள் மருத்துவரிடம் இதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். விமானத்தில் இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அங்கே வெளியே எடுத்துச் செல்லும்போது கோட்டுக்குள், உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். காரிலும் சன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் வேலை செய்யாது. பல கருவிகளுக்குச் சுமார் 10 டிகிரியாவது வேண்டும்.

நடுக்கம் வந்தால் குளிர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் நடுங்கும். அதோடு அட்டினலால் அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கக்கூடியது. வியர்வை மட்டும் தெரியலாம். சந்தேகம் வந்தால் கையைச் சூடாக்கிக்கொண்டு சோதியுங்கள். சர்க்கரை அளவு 4 mmol/Lக்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுசோதனை. அட்டினலால் கைகால்களைச் சில்லிட வைக்கும் மருந்தும்கூட. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வேறு மருந்து பொருந்துமா என்று கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்தக் கொதிப்பு ஏறும். வாசலில் குவிந்த பனியை மண்வெட்டியால் தள்ள உங்கள் கணவர் ஆசைப்படுவார். வேண்டாம். குளிரும் திடீர் உழைப்பும் சேரும்போது மாரடைப்பு வருவது அங்கே அடிக்கடி நடப்பது. நெஞ்சு அழுத்தினாலோ பேச்சு குழறினாலோ அங்கே அழைக்க வேண்டிய எண் 911.

அவருடைய ஆஸ்துமாவுக்குக் குளிரைவிட வறண்ட காற்றுதான் எதிரி. மூக்கு வழியாகவே மூச்சு விட வேண்டும். மூக்கையும் வாயையும் கழுத்துத்துணியால் மூட வேண்டும். மூச்சுத் திணறும்போது இழுக்கும் நீல நிற இன்ஹேலர் சட்டைப்பைக்குள் இருக்கட்டும். அது குளிர்ந்துவிட்டால் ஒரு அழுத்தலில் வர வேண்டிய அளவு மருந்து வராது. தடுப்பு இன்ஹேலரை ஒருநாளும் விடக் கூடாது.

சூடேற்றிய வீட்டுக்காற்றில் உங்கள் இருவருக்கும் தோல் வெடிக்கும். ஐந்து நிமிட வெதுவெதுப்பான குளியல், உடனே கெட்டியான கிரீம் அல்லது வாசலின். விரல் இடுக்கில் மட்டும் பூசாதீர்கள். பனிக்கட்டியில் நடக்கும்போது கைகளைப் பைக்குள் விடாமல், பாதத்தைத் தட்டையாக ஊன்றிச் சின்னச் சின்ன அடியாக நடங்கள். பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனிக்கட்டியில் நடக்கவே வேண்டாம்.

கிளம்புமுன் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காலில் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். எந்த இடத்தில் உணர்வு இல்லை என்பது அதில் தெரியும். அந்த இடங்களை ஒரு தாளில் குறித்துக் கணவரிடம் கொடுங்கள். இருவருமே சளிக்காய்ச்சல் தடுப்பூசியை டிசம்பர் நடுப்பகுதிக்குள் போட்டுவிட வேண்டும். அது வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும், பிறந்த குழந்தைக்கு அதைப் போடவும் முடியாது.