கிராபியில் தனிப் படகு

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு தாய்லாந்தின் கிராபிக்குப் போகிறோம். நாலு தீவுச் சுற்றுலாவுக்குத் தனிப் படகு எடுக்கலாமா? மாமியாருக்கு முழங்கால் வலி.
- வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக எடுங்கள். நேரம் உங்கள் கையில் இருக்கும், அதுதான் லாபம். வழிகாட்டியிடம் வாடகையைப் பேசுவதற்கு முன்னால், அன்றைக்குக் கடல் வற்றுவது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். டப் தீவுக்கும் கோழித் தீவுக்கும் நடுவே மணல்திட்டு தெரிவது கடல் வற்றும்போதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் நன்றாகவே நடக்கலாம். அந்த நேரத்தை வைத்து மற்றதை அடுக்குங்கள். சாப்பாடு போடா தீவின் மரநிழலில்.

சரி, மாமியார். படகு கிளம்பும் ஆவோ நாங் கரையில், நீள்வால் படகு என்ற உள்ளூர் மரப்படகில் ஏற முழங்கால் தண்ணீரில் நடந்து, தொங்கும் சின்ன ஏணியைப் பிடிக்க வேண்டும். கால் வைத்து ஏற வசதியான படிக்கட்டு ஒன்றை முன்பே கேட்டு வையுங்கள். என்ஜின் சத்தத்துக்குக் காதில் பஞ்சு. முகப்பில் கலர் துணி கட்டியிருப்பது படகின் காவல் தெய்வமான மே யா நாங்குக்கு. செல்ஃபிக்காக அங்கே காலை வைக்காதீர்கள், படகுக்காரர் முகம் மாறிவிடும். அப்புறம், தேசியப் பூங்காக் கட்டணம் வாடகையில் சேருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் தனிதான்.